பொங்கல் பக்கத்துக்கு ஒரு சூரியன்: பாலிக் புலாவ் வயலில் ஒன்பது காலைகள்

எங்கள் வட்டாரக் கோயில் நிர்வாகம் ஆண்டுதோறும் ஒரு மாதக் காலண்டர் அச்சடிக்கிறது. 12 பக்கங்கள், 12 படங்கள். தை மாதப் பக்கத்துக்குப் படம் எடுத்துத் தரும்படி தலைவர் என்னை அழைத்தார். "பானை, கரும்பு, கோலம் எல்லாம் முன்னமே போட்டாச்சு தம்பி. பொங்கல் யாருக்கு? சூரியனுக்குத்தானே? அவரே படத்துல இருக்கணும். வயலும் நம்ம பினாங்கு வயலா இருக்கணும்" என்றார். அக்டோபர் கடைசியில் அச்சுக்குப் போக வேண்டும்.

கேட்க எளிதாக இருந்தது. இயற்கைக் காட்சி எடுக்கப் பழகும் எல்லாருக்கும் முதலில் சொல்லித் தருவது, வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள் என்பதுதான். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எடுத்தேன். அதில் பிழை நேராது, ஆனால் படம் தட்டையாகிவிடும். வெயில் முகத்தில் அடிக்க நின்று எடுக்கும்போதுதான் இலை ஒளி கசிந்து மஞ்சள் கலந்த பச்சையாகிறது. மூடுபனி கண்ணுக்குத் தெரிகிறது, நிழல்கள் நம்மை நோக்கி நீண்டு படத்துக்கு ஆழம் தருகின்றன. சூரியனையே படச்சட்டத்துக்குள் வைத்தால் இவை எல்லாம் கூடும். இடைஞ்சலும் கூடவே வரும். இந்த ஒரு படத்துக்கு ஒன்பது காலைகள் ஆயின. எட்டு காலைகளில் என்ன கோணலாகப் போனது என்பதை முழுமையாக எழுதி வைக்கிறேன். பினாங்கில் நேர்வெயிலை எடுக்க விரும்புகிறவர்களுக்கு உதவும்.

மலை விழுங்கும் 25 நிமிடம்

பினாங்குத் தீவில் நெல் வயல் பார்க்க வேண்டுமென்றால் மேற்குப் பக்கம் போக வேண்டும். பாலிக் புலாவ் என்றாலே மலாயில் தீவின் பின்புறம் என்றுதான் பொருள். ஜார்ஜ் டவுன் கிழக்கு நோக்கிக் கடலைப் பார்த்து நிற்கிறது. அங்கே சூரியன் நீரிணைக்கு அப்பால், பெருநிலத்தின் மேலே எழுகிறது. மேற்கே நிற்கும் பாலிக் புலாவுக்கும் சூரியனுக்கும் நடுவே தீவின் முதுகெலும்பு போன்ற மலைத்தொடர் கிடக்கிறது. அதனால் நகரத்தில் விடிந்த பிறகும் வயல் நிழலிலேயே இருக்கும்.

எவ்வளவு நேரம் என்பதை ஆகஸ்ட் கடைசியில் போய் அளந்தேன். கைபேசியில் சரிவுமானி இருக்கிறது. வரப்பில் நின்று மலை விளிம்பைக் குறிபார்த்தால் தரையிலிருந்து ஏறத்தாழ 5.5 பாகை. வானம் சுற்றுவது மணிக்கு 15 பாகை. நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுவதால், 4 நிமிடத்துக்கு 1 பாகை என்று கணக்கிட்டால் போதும். செப்டம்பர் நடுவில் பினாங்கில் சூரிய உதயம் காலை 7:10 ஒட்டி. அதோடு சுமார் 25 நிமிடம் சேர்த்தால், வயலில் முதல் கதிர் விழுவது 7:35 வாக்கில்.

7:10 என்றால் தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் வியப்பார்கள், இவ்வளவு தாமதமா என்று. நம் கடிகாரம்தான் காரணம். தீவு 100 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி இருக்கிறது, கடிகாரமோ 120 பாகைக்குரிய நேரத்தைக் காட்டுகிறது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டிய என் மாமாவுக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. மணி மாறியது, சூரியன் மாறவில்லை என்பார். அவர் இந்தக் கதைக்குள் ஆறாம் நாள் வருகிறார்.

அந்த 25 நிமிடம் படக்காரனுக்குப் பெரிய இழப்பு. நாம் படித்த பாடங்கள் எல்லாம் உதயத்துக்குப் பின் நிறைந்திருக்கும் பொன்னிற ஒளியைப் பற்றிப் பேசுகின்றன. அவை பெரும்பாலும் வடக்கே, சூரியன் சாய்வாக ஊர்ந்து ஏறும் நாடுகளில் எழுதப்பட்டவை. லண்டன் இருக்கும் அட்சத்தில், மார்ச் அல்லது செப்டம்பர் நடுவில், சூரியன் 6 பாகை ஏற 40 நிமிடம் ஒட்டி ஆகும். நமக்கு 24 நிமிடம்தான். பாலிக் புலாவில் அந்த 24 நிமிடத்தையும் மலை விழுங்கிவிடுகிறது. வயலில் வந்து விழும் முதல் வெயிலே வெள்ளை வெயில். ஆகவே நிறத்தை நம்பி இந்தப் படத்தை எடுக்க முடியாது. மூடுபனி, ஒளி கசியும் இலை, கதிர் பிரியும் சூரியன் இந்த மூன்றையும் நம்பித்தான் எடுக்க வேண்டும். இதை முதல் நாளே தெளிவாக உணர்ந்திருந்தால் சில காலைகள் மிஞ்சியிருக்கும்.

முதல் ஐந்து நாள்

செப்டம்பர் 9. ஆண்டில் இரண்டு முறை பினாங்கின் உச்சந்தலைக்கு நேர் மேலே சூரியன் வரும். ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு முறை, செப்டம்பர் 8, 9 வாக்கில் ஒரு முறை. நல்ல சகுனம் என்று அன்று தொடங்கினேன். திட்டம் எளிது. சூரியன் மலை விளிம்பைத் தாண்டி எட்டிப்பார்க்கும் கணத்தில், வட்டத்தின் ஒரு துண்டு மட்டும் தெரியும்போது, அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி புகும் துளையை, எஃப் 16 என்ற சிறிய அளவுக்குச் சுருக்கி எடுத்தால் அந்தத் துண்டு நட்சத்திரமாகக் கதிர் பிரியும். அபெர்ச்சர் இதழ்களின் விளிம்பில் ஒளி வளைவதால் வருவது அது. இதழ்கள் இரட்டைப்படை என்றால் அத்தனை கதிர். ஒற்றைப்படை என்றால் இரண்டு மடங்கு. என் 24 மில்லிமீட்டர் லென்ஸில் 9 இதழ், எனவே 18 கதிர்.

கதிர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. துன் சார்டன் சாலையின் வளைவுகளில் ஏறி இறங்கி வந்த காரில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டே இருந்தது. கேமரா பை பக்கத்து இருக்கையில். வயலோரம் இறங்கிப் பையைத் திறந்ததும் லென்ஸ் முழுக்க வெண்ணிறப் படலம். வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பூத்துவிட்டது. துடைத்தேன், மறுபடி பூத்தது. துடைக்கத் துடைக்க நீர்க்கோடுகள் மிஞ்சின. சூரியன் மலைமேல் வந்து, நின்று, முழு வட்டமாகி, கண்ணைக் கூசவைத்த பிறகுதான் கண்ணாடி தெளிந்தது. அன்றிலிருந்து கேமரா காரின் பின்பெட்டியில்தான் வரும். கடைசி 20 நிமிடம் குளிர்சாதனத்தை நிறுத்திச் சன்னலைத் திறந்துவிடுகிறேன்.

மறுநாள் கண்ணாடி தெளிவாக இருந்தது, விளிம்பில் சூரியன் வந்தது, நட்சத்திரமும் விழுந்தது. சூரியனின் வட்டம் வானத்தில் அரை பாகைதான். அது தன் அகலத்தைத் தானே கடக்க 2 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அந்த 2 நிமிடத்தில் 14 படங்கள் எடுத்தேன். வீட்டில் திரையில் பார்த்தால் ஒவ்வொன்றிலும் இடது கீழ்மூலையில் ஒரு பச்சைப் பொட்டு. லென்ஸைக் காக்க மாட்டியிருந்த யுவி ஃபில்டரின் வேலை. சூரியன் சட்டத்துக்குள் இருக்கும்போது கூடுதலாக மாட்டும் ஒவ்வொரு கண்ணாடியும் ஒரு பேய் உருவத்தைச் சேர்க்கும். அந்தப் பேய் எங்கே உட்காரும் என்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. சூரியனிலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால், பெரும்பாலும் அந்தக் கோட்டின் மேலேயே இருக்கும். சூரியன் வலது மேல் என்றால் பேய் இடது கீழ். அங்கே இருண்ட சேறு இருந்தால் பளிச்சென்று தெரியும், ஒளி நிறைந்த நாற்று இருந்தால் கரைந்துவிடும். ஃபில்டரைக் கழற்றினேன். மேல்பாதி மட்டும் கறுத்த கிராஜுவேட்டட் ஃபில்டரும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். மலைக்கோடு மேடு பள்ளமாக இருக்கும்போது அது மரத்தலைகளையும் சேர்த்துக் கறுக்கவைக்கும். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் சூரியனுக்குப் பக்கவாட்டில், செங்குத்தான திசையில்தான் வேலை செய்யும். சூரியனை நேராகப் பார்க்கும்போது அதனால் பயனில்லை.

பொட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் படங்களில் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது வேறு. நட்சத்திரம் தொலைவில், மலைமேல் ஒட்டவைத்த பொட்டுபோல் இருந்தது. வயலுக்கும் அதற்கும் உறவே இல்லை.

11, 12 இரண்டு நாளும் மழை. செப்டம்பர், அக்டோபர் பினாங்கின் மழைக்காலம், அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

13ஆம் தேதி புகைமூட்டம். தென்மேற்குப் பருவத்தில் சுமத்ரா பக்கமிருந்து காடும் கரிமண்ணும் எரிந்து வரும் புகை. 2015, 2019 அளவுக்குக் கொடுமையாக இல்லை, மெல்லியதுதான். மலை சாம்பல் நிறத் திரையாகிவிட்டது, சூரியன் கதிரே இல்லாத செம்பொட்டாக எழுந்தது. நட்சத்திரத்துக்கு வழியில்லை. 24ஐக் கழற்றிவிட்டு 200 மில்லிமீட்டரை மாட்டினேன். படம் பதியும் சென்சாரில் சூரியன் எத்தனை பெரிதாக விழும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. லென்ஸின் குவியத்தூரத்தை ஏறத்தாழ 108ஆல் வகுக்க வேண்டும். சூரியன் தன் விட்டத்தைப்போல் சுமார் 108 மடங்கு தூரத்தில் இருப்பதுதான் காரணம். நாம் புனிதமாக எண்ணும் எண் இங்கே வந்து நிற்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தரும். 24இல் சூரியன் கால் மில்லிமீட்டர்கூட இல்லை, 200இல் ஏறக்குறைய 1.9 மில்லிமீட்டர். செம்பொட்டுக்குக் குறுக்கே ஒரு கொக்கு பறந்த படம் கிடைத்தது. அழகான படம். ஆனால் எரிந்த காட்டின் புகையைப் பொங்கல் பக்கத்தில் வைக்க மனம் ஒப்பவில்லை.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை

200 மில்லிமீட்டர் நெடுங்குவிய லென்ஸில் சூரியனை எடுத்தேன் என்று சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போகக் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன், கண்ணாடி வைத்த பழைய வகை கேமராவின் துளை வழியாக, காலை 8 மணிச் சூரியனைச் சில நொடிகள் பார்த்துவிட்டேன். வலிக்கவில்லை. விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு கிடையாது, வெந்தாலும் தெரியாது. அன்று முழுக்க எங்கே பார்த்தாலும் நடுவில் ஒரு கரும்புள்ளி. படிக்க உட்கார்ந்தால் பார்க்கும் எழுத்து மட்டும் மறைந்தது. புள்ளி மெல்ல மங்கிப் போனது என் நல்ல காலம், எல்லாருக்கும் போய்விடும் என்று உறுதி இல்லை. துளை வழியே சூரியனைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஒளியைக் குறைக்கும் கறுப்பு என்டி ஃபில்டர் போட்டுப் பார்ப்பதும் பாதுகாப்பல்ல, அது கண்ணுக்குத் தெரியாத கதிர்களை நிறுத்தாமல் விடலாம். பின்திரையில் பாருங்கள். நெடுங்குவிய லென்ஸை அபெர்ச்சர் திறந்தபடி சூரியனை நோக்கி முக்காலியில் விட்டுவைத்தால் கேமராவின் உள்ளுறுப்பும் எரியும். எடுக்காத நேரத்தில் மூடியைப் போடுங்கள்.

"நிழல்ல நில்லு"

ஆறாம் நாள் மாமா கூட வந்தார். வயது 74. தூக்கம் 4 மணிக்கே கலைந்துவிடும் பழக்கம். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு இருட்டோடு போய் நின்ற உடம்பு. வரப்பில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்து ஃப்ளாஸ்க் காப்பியைக் குடித்துக்கொண்டு நான் அங்குமிங்கும் ஓடுவதைப் பார்த்திருந்தார். மலை விளிம்பில் சூரியன் வந்தது. என் 2 நிமிடம் முடிந்தது. கையை நெற்றியில் வைத்து முகத்தைச் சுளித்தபடி நின்றேன்.

"ஏன்டா கண்ணக் கெடுத்துக்கிற? சூரியனப் பாக்காதே. நிழலப் பாரு."

"நிழலப் பாத்து என்ன மாமா எடுக்கிறது?"

"மரத்து நிழல்ல போய் நில்லு. அங்கேருந்து பாத்தா அவரு மரத்துக்குப் பின்னாடிதானே இருப்பாரு? நாங்க வெயில் ஏறுறத அப்படித்தான் பாப்போம். வெயில் மரத்துக்கு மேல வந்துட்டா பால் நின்னுடும். அதுக்குள்ள அத்தன மரத்தையும் வெட்டி முடிக்கணும். சூரியனையா பாத்துக்கிட்டு நிக்க முடியும்? மரம் எப்படி ஒளி விடுதுன்னு பாப்போம்."

அவர் கை காட்டிய இடத்தில், வயலின் கிழக்கு வரப்பில் ஆறேழு கமுகு மரங்கள். இத்தனை நாளும் அவற்றைப் படத்திலிருந்து ஒதுக்கத்தான் பார்த்தேன். மலைக்கோட்டை மறைக்கின்றன என்று. புலாவ் பினாங் என்றால் கமுகுத் தீவு. தீவுக்குப் பெயர் தந்த மரத்தையே தள்ளிவைத்துவிட்டு அந்தத் தீவின் சூரியனைத் தேடியிருக்கிறேன்.

நடு மரத்தின் நிழல் நாற்றின் மேல் மெல்லிய கறுப்புக் கோடாக விழுந்து, எதிர் வரப்பில் ஏறி நின்றது. அங்கே போய் மண்டியிட்டுக் கேமராவை அந்தக் கோட்டுக்குள் வைத்தேன். பின்திரையில் சூரியன் காணாமல் போனது. தண்டின் இரு ஓரமும் வெள்ளிக் கம்பிபோல் எரிந்தன. கேமராவை இரண்டு விரல் அகலம் இடப்பக்கம் தள்ளினேன். தண்டின் இடது ஓரத்தில் ஒரு துளி வெயில் கசிந்தது. 18 கதிர்.

அது இருந்தது. அப்படியே இருந்தது. 2 நிமிடம் ஆயிற்று, 5 நிமிடம் ஆயிற்று, நட்சத்திரம் தண்டிலேயே மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்ததே தவிர விலகிப் போகவில்லை.

ஏன் என்று அன்றிரவு உட்கார்ந்து கணக்கிட்டேன். இந்த ஆய்வில் நான் கற்ற முதன்மையான செய்தி இதுதான், எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பினாங்கு 5.4 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. செப்டம்பர் நடுவில் இங்கே சூரியன் ஏறும் பாதை செங்குத்திலிருந்து அந்த 5.4 பாகை மட்டுமே சாய்ந்திருக்கும். ஒரு மணி நேரத்தில் 15 பாகை மேலே ஏறும், வலப்பக்கம் நகர்வது சுமார் 1.4 பாகைதான். டிசம்பரில் அதிகமாகி 2.5 பாகை. லண்டனில் இதே காலத்தில் சூரியன் 15 பாகை ஏறி முடிப்பதற்குள் பக்கவாட்டில் 20 பாகை ஓடிவிடும். அங்கே மரத்துக்குப் பின்னால் சூரியனை ஒளித்துவைப்பது கணநேரச் செயல். நமக்கு அப்படியில்லை. செங்குத்தாக நிற்கும் எதுவும், கமுகு, விளக்குக் கம்பம், கோபுரத்தின் விளிம்பு, சூரியனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலை விளிம்புபோல் படுத்துக் கிடப்பதைச் சூரியன் 2 நிமிடத்தில் தாண்டிவிடும். நான் ஐந்து நாள் படுத்துக் கிடந்ததை நம்பிக் காத்திருந்தேன்.

எண்ணாகச் சொன்னால்: கமுகின் தண்டு மார்பளவில் 12 சென்டிமீட்டர். அதை 108ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 13 மீட்டர். அந்தத் தூரத்தில் தண்டும் சூரியனும் ஒரே அகலம். அதைவிட அப்பால் போனால் தண்டின் இருபுறமும் வெயில் வழியும். நான் நின்றது 9 மீட்டரில். அங்கே முழு இருள் உள்ள நிழல் 4 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதன் இருபக்கமும் 8 சென்டிமீட்டர் அகலத்துக்கு அரைநிழல். அந்த அரைநிழலுக்குள் லென்ஸ் இருக்கும் வரை நட்சத்திரம் இருக்கும். சூரியன் நகர நகர நிழல் அந்தத் தூரத்தில் மணிக்கு ஒரு சாண்தான் நகர்கிறது. ஆகவே கேமராவைத் தொடாமலே 20 நிமிடத்துக்கு மேல் கையில் இருக்கிறது. தென்னையில் இது கைகூடாது, அது வளைந்து சாயும். கமுகு வளையாது.

கிளம்பும்போது கேமரா நின்ற இடத்தில் ஒரு குச்சியை நட்டேன். சூரியன் எழும் இடம் செப்டம்பர் நடுவில் நாளொன்றுக்கு 0.4 பாகை தெற்கே நகரும். 9 மீட்டரில் அது 6 சென்டிமீட்டர், மூன்று விரல் அகலம். அடுத்த நாள் அதே நேரத்தில், முதல் குச்சிக்கு இடப்பக்கம் மூன்று விரல் தள்ளி இரண்டாம் குச்சி. கணக்குச் சரியாக வந்தபோது எனக்கு ஏற்பட்ட நிறைவைச் சொல்லத் தெரியவில்லை. வயல்காரப் பெரியவர் மலாய்க்காரர். வரப்பில் வரிசையாக நிற்கும் குச்சிகளைப் பார்த்து, நிலம் அளக்க வந்தவர்களோ என்று பயந்துவிட்டாராம். மாத்தாஹாரியை அளக்கிறோம் என்று மாமா சொன்னார். சூரியனுக்கு மலாய்ச் சொல் அது, பகலின் கண் என்று பொருள். பெரியவர் சிரித்துவிட்டு மடைப் பக்கம் போனார்.

17ஆம் தேதி

15இல் வெயில் இருந்தது, மூடுபனி இல்லை. 16இல் மேகம். அன்றிரவு நல்ல மழை பெய்து 4 மணிக்கு விட்டது. வானம் கழுவி வைத்ததுபோல் இருந்தது. 6:30க்கு வயல் சேரும்போது தண்ணீரிலிருந்து முழங்கால் உயரத்துக்கு வெண்மை எழும்பி அசையாமல் நின்றது. நட்டு ஒரு மாதமான நாற்று, தூர்களுக்கு இடையே தண்ணீர் தெரிந்தது. நான்காம் குச்சியை நட்டு, அதன் மேல் முக்காலியை வைத்து, லென்ஸ் கண்ணாடியை டார்ச் அடித்துப் பார்த்து ஒரு விரல்ரேகைகூட இல்லாமல் துடைத்தேன். முகப்பில் இருக்கும் ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்கு நேர்வெயிலில் படம் முழுக்கப் பால் ஊற்றிவிடும்.

7:36. மலை விளிம்பில் வெயில் வெடித்தது. நான் அங்கே பார்க்கவில்லை. நாற்றைத்தான் பார்த்தேன். கிழக்கு வரப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வரிசையாக நெல்லிலை பற்றிக்கொண்டு வந்தது. வெயில் பின்னாலிருந்து வரும்போது இலையின் பசுமை சிவப்பையும் நீலத்தையும் உண்டுவிட்டுப் பச்சையை மட்டும் வெளியே விடுகிறது. முன்னாலிருந்து வெயில் பட்டால் இலை மேனியில் வானம் பளபளத்து வெளுக்கும். பின்னாலிருந்து வரும்போது இலையே விளக்கு. என் முழங்காலுக்கு முன்னால் ஓர் இலை நுனியில் ஒரு பனித்துளி, அதற்குள் தலைகீழாக மலையும் கமுகும் நின்றன. மூடுபனியில் ஏழு கமுகுகளின் நிழலும் ஏழு கறுப்புப் பட்டைகளாக என்னை நோக்கி விரிந்தன. நடுப் பட்டைக்குள் நான்.

ஐஎஸ்ஓ 100, எஃப் 16. ஷட்டரை 1/250, 1/60, 1/15 நொடி என்று மூன்றாக எடுத்துக்கொண்டே போனேன். எல்லாம் ரா கோப்பு, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பது. எஃப் 22க்குச் சுருக்கினால் கதிர் இன்னும் கூர்மையாகும், ஆனால் ஒளிவளைவால் நெல்லிலையின் கூர்மை போய்விடும், எனவே 16இலேயே நின்றேன். 24 மில்லிமீட்டரில் எஃப் 16 வைத்து முன்னே ஒன்றரை மீட்டரில் குவித்தால் நாற்றும் மலையும் இரண்டும் தெளிவு. வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலதுகோடி முட்டி நிற்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். சூரியன் வெளுத்துப் போகத்தான் வேண்டும். அதைச் சுற்றியுள்ள மூடுபனி வெளுக்காமல் இருக்கிறதா என்பதே கேள்வி. கடைசியாகக் காப்பாக ஒரு படம், கையை நீட்டிக் கட்டைவிரலால் சூரியனை மறைத்து எடுத்தேன். எங்காவது பேய் உருவம் விழுந்திருந்தால் அந்தப் பகுதியை இதிலிருந்து எடுத்து ஒட்டலாம்.

7:50 வாக்கில் காற்று எழுந்தது. மூடுபனி கிழிந்து, இரண்டு நிமிடத்தில் ஒன்றும் இல்லை. நட்சத்திரம் மட்டும் தண்டில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மேசையில்

மூன்று வெளிச்சத்தையும் கலந்து பார்த்தேன். நெல்லிலை அசைந்திருந்ததால் விளிம்புகள் இரட்டையாயின. கலக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு 1/60 படம் ஒன்றையே எடுத்து நிழல்களை மட்டும் கொஞ்சம் தூக்கினேன். மலை கறுப்பாகவே இருக்கட்டும் என்று விட்டேன். எல்லா நிழலையும் திறந்து காட்டும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. நேர்வெயிலில் கண் கூசும்போது நாம் நிழலுக்குள் பார்ப்பதில்லை, படமும் பார்க்க வேண்டாம். வானத்தில் 11 இடங்களில் சென்சார் தூசி. எஃப் 16 எதையும் மறைக்காது.

எதிர்பாராத இடர் அச்சகத்தில் வந்தது. சோதனைத் தாளில் சூரியன் ஒரு வெள்ளை ஓட்டையாக, கத்தரித்து எடுத்ததுபோல் தெரிந்தது. முழு வெள்ளை என்றால் தாளில் மையே விழாது. மை விழும் இடத்துக்கும் விழாத இடத்துக்கும் நடுவே ஒரு கூர்மையான கரை உண்டாகிவிடுகிறது. திரையில் அது தெரியாது, அங்கே வெள்ளையும் ஒளிதான். சூரியனின் நடுவை முழு வெள்ளையான 255இலிருந்து 250க்கு இறக்கி, துளி மஞ்சள் சேர்த்து, சுற்றியுள்ள பனியோடு மெல்லக் கலக்கவிட்டேன். இரண்டாம் தாளில் கரை போய்விட்டது. தாள் வெள்ளையைவிட வெளிச்சமாக எதையும் அச்சிட முடியாது. சூரியன் சுடுவதாகத் தோன்ற, அதைத் தாங்கி நிற்கும் தண்டு கறுப்பாக இருந்தாக வேண்டும். கமுகின் கணு வளையங்கள் அந்தக் கறுப்பிலும் லேசாகத் தெரிகின்றன. படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

தலைவர் தாளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "சூரியன் முழுசா தெரியலியே தம்பி" என்றார். மரத்துக்குப் பின்னால் பாதி இருக்கிறார் என்றேன். "பரவால்ல, பாத்தா கண்ணு கூசுது" என்று சொல்லி ஒப்புதல் எழுதினார்.

நிறைவேறாத ஒன்று இருக்கிறது. தண்ணீரில் விழுந்த சூரியனும் தண்டின் பிம்பத்தால் பாதி மறைந்து ஒரு சின்ன நட்சத்திரமாகியிருந்தது. நாற்று அதை மூன்றாக உடைத்துவிட்டது. நடவு முடிந்த முதல் வாரத்தில், தண்ணீர் திறந்து கிடக்கும்போது எடுத்தால் மேலும் கீழும் இரண்டு முழு நட்சத்திரம் கிடைக்கும். செப்டம்பர் 17இன் சூரியன் அதே கோட்டுக்குத் திரும்பி வருவது மார்ச் 26 ஒட்டி. அப்போது சூரியன் வடக்கே போய்க்கொண்டிருக்கும், எனவே குச்சிகளை நான்கிலிருந்து ஒன்றுக்கு எண்ண வேண்டும். வயல்காரப் பெரியவரிடம் குச்சிகளைப் பிடுங்க வேண்டாம் என்று மாமாவை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.